பிரிட்டனில் காதில் விழும் ஆங்கிலம்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்தவர்கள்கூட, பிரிட்டனில் முதல் வாரம் கடைக்காரர் கேட்டது புரியாமல் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் குறை ஒன்றும் இல்லை. தேர்வுக்குப் படித்தது வேறு, பஸ்ஸிலும் வார்டிலும் கடையிலும் புழங்குவது வேறு. மாணவர்களாக, செவிலியர்களாக, முதியோர் இல்லப் பணியாளர்களாக வரும் நம்மவர்கள் இந்த ஒரு காரணத்தால் வாயே திறக்காமல் ஒதுங்கிப் போவதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இணையத்தில் அகர வரிசையில் கிடைக்கும் நூறு, இருநூறு சொற்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். மழை கொட்டினால் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே அப்படிச் சொல்பவரைக் காண்பது அரிது. ‘சக்கிங் இட் டவுன்’ என்பார்கள். லேசாகத் தூறினால் ‘ஸ்பிட்டிங்’. எந்தச் சொல் உங்கள் பணத்தையும் நேரத்தையும் உடம்பையும் வேலையையும் தொடுகிறதோ அதை முதலில் பிடியுங்கள். காதுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், வாய்க்குக் கொஞ்சம் போதும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டதுதான்.

படி 1: நலம் விசாரிப்பும் நன்றியும்

வந்த அன்றே கேட்கப்போவது ‘யூ ஆல்ரைட்?’ அல்லது வெறும் ‘ஆல்ரைட்?’. முகம் வாடியிருக்கிறதோ, அதனால்தான் கேட்கிறார்களோ என்று பலர் பதறுகிறார்கள். இது வெறும் வணக்கம். ‘யெஸ் தாங்க்ஸ், யூ?’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். தலைவலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ‘நௌ தென்’ என்று ஒருவர் உங்களைப் பார்த்துத் தலையாட்டினால் அதுவும் வணக்கம்தான், சண்டைக்கு இழுக்கவில்லை.

‘சியர்ஸ்’ என்பதைக் கோப்பையை உயர்த்திச் சொல்வதாக மட்டும் நினைக்காதீர்கள். நன்றிக்கும் அதுதான், போய் வருகிறேன் என்பதற்கும் அதுதான். நன்றிக்கு இன்னொரு சொல் ‘டா’. மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு ஒரு பெண்மணி ‘டா, லவ்’ என்றால் தமிழ்க் காதுக்குச் சுருக்கென்று இருக்கும். அது நம் ‘டா’ இல்லை, முழு மனசோடு சொன்ன நன்றி.

நம் வீடுகளில் தண்ணீர் கொடுத்ததற்கும் கதவைப் பிடித்ததற்கும் நன்றி சொல்வது வழக்கமில்லை. உறவுக்குள் அது அந்நியமாகக்கூடப் படும். இங்கே அதைச் சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். லண்டனுக்கு வெளியே பஸ்ஸில் இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவது பல ஊர்களில் வழக்கம். பிரிஸ்டலில் அதற்கென்றே ‘சியர்ஸ், டிரைவ்’ என்று ஒரு வாசகம் இருக்கிறது. ‘ப்ளீஸ்’, ‘தாங்க் யூ’, ‘சாரி’ மூன்றையும் தேவைக்கு அதிகமாகச் சொல்கிறோமோ என்று தோன்றும் அளவுக்குச் சொல்லுங்கள். அதுதான் இங்கே சரியான அளவு.

பிறகு, கூப்பிடும் சொற்கள். கோவைப் பக்கம் முன்பின் தெரியாதவரையும் ‘கண்ணு’ என்று கூப்பிடுவது போல, இங்கே ஊருக்கு ஒரு சொல் உண்டு. யார்க்‌ஷயரில் ‘லவ்’, நாட்டிங்ஹாம், டெர்பி, ஸ்டோக் பக்கம் ‘டக்’, நியூகாசிலில் ‘பெட்’, பர்மிங்ஹாமில் ‘பாப்’. கிளாஸ்கோவில் பெண்களை ‘ஹென்’ என்பார்கள். பிரிஸ்டல் பக்கம் ‘மை லவர்’ என்றுகூடச் சொல்வார்கள். காய்கறிக்கடைப் பாட்டி அப்படிக் கூப்பிட்டால் சங்கடப்பட ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் இவற்றைத் திருப்பிச் சொல்லாதீர்கள், குறிப்பாக ஆண்கள் பெண்களிடம். அந்த ஊரிலேயே ஊறியவர் வாயில் வந்தால்தான் அது இயல்பு.

படி 2: பணமும் நேரமும்

பவுண்டைப் பேச்சில் ‘க்விட்’ என்பார்கள். பன்மை கிடையாது: ‘ஃபைவ் க்விட்’, ‘ட்வென்ட்டி க்விட்’. ஐந்து பவுண்டு நோட்டு ‘ஃபைவர்’, பத்து ‘டென்னர்’, ஆயிரம் ‘கிராண்ட்’. பென்ஸை ‘பீ’ என்று எழுத்தின் பெயராலேயே சொல்வார்கள்: ‘ஃபிஃப்டி பீ’. கையில் காசில்லாதவர் ‘ஸ்கின்ட்’. வாடகைக்கு அறை தேடும்போது ‘டாட்ஜி’ என்ற சொல் காதில் விழுந்தால் நின்று கேளுங்கள். ஆள் நம்பகமில்லை, இடம் சரியில்லை என்று எச்சரிக்கிறார்கள்.

நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை. அரை மணி குறைத்து ஐந்தரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஃபோர்ட்நைட்’ என்றால் இரண்டு வாரம். பல கவுன்சில்களில் குப்பைத்தொட்டியை எடுப்பது ஃபோர்ட்நைட்டுக்கு ஒரு முறைதான், விட்டால் இன்னும் இரண்டு வாரம் நாற்றத்தோடு இருக்க வேண்டும். ‘டியூஸ்டே வீக்’ என்று சொன்னால் வருகிற செவ்வாய் இல்லை, அதற்கடுத்த செவ்வாய். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கும்போது இப்படிச் சொன்னால், உடனே தேதியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

யார்க்‌ஷயரில் வேலைக்குச் சேர்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே பழைய ஆட்கள் ‘வைல்’ என்பதை ‘வரை’ என்ற பொருளில் பேசுவார்கள். ‘நைன் வைல் ஃபைவ்’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஷிஃப்ட் நேரத்தை இப்படிச் சொன்னால் குழம்ப வேண்டாம்.

படி 3: சாப்பாடும் உடுப்பும்

வட இங்கிலாந்தில் மதியச் சாப்பாடு ‘டின்னர்’, மாலைச் சாப்பாடு ‘டீ’. பக்கத்து வீட்டுக்காரர் ‘கம் ரவுண்ட் ஃபார் யுவர் டீ’ என்று கூப்பிட்டால், அது பிஸ்கட்டும் தேநீரும் இல்லை, முழுச் சாப்பாடு. அநேகமாக ஐந்து, ஆறு மணிக்கே. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள். குடிக்கிற தேநீருக்கு ‘ப்ரூ’ அல்லது ‘கப்பா’ என்ற பெயர். ‘ஃபேன்ஸி எ ப்ரூ?’ என்றால் டீ குடிக்கிறாயா என்று கேள்வி. அதே ‘ஃபேன்ஸி’ ஆளோடு சேர்ந்தால் வேறு விஷயம்: ‘ஹி ஃபேன்ஸீஸ் யூ’ என்றால் அவருக்கு உங்கள் மேல் ஒரு கண். தேநீர்க் கெண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மீசை வைத்த பெரியவர் ‘ஷல் ஐ பி மதர்?’ என்று கேட்பார். நான் ஊற்றட்டுமா என்கிறார், அவ்வளவுதான்.

நம் ஊர் சிப்ஸ் இங்கே ‘க்ரிஸ்ப்ஸ்’. இங்கே ‘சிப்ஸ்’ என்றால் சுடச்சுடப் பொரித்த தடித்த உருளைக்கிழங்கு, விற்கும் கடை ‘சிப்பி’. ‘புட்டிங்’ என்பது எந்த இனிப்புக்கும் பொது. சாண்ட்விச்சுக்கான உருண்டை பன்னுக்கு நாட்டிங்ஹாமில் ‘கோப்’, மான்செஸ்டரில் ‘பார்ம்’, கவென்ட்ரியில் ‘பாட்ச்’. எது சரி என்று அவர்களுக்குள்ளேயே தீராத வாக்குவாதம். நீங்கள் இருக்கும் ஊர்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும்.

‘பேண்ட்ஸ்’ என்பது இங்கே உள்ளாடை. மேலே போடுவது ‘ட்ரவுசர்ஸ்’. அலுவலகத்தில் காபி கொட்டிவிட்டது, பேண்ட்ஸ் மாற்ற வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

படி 4: உடம்பும் மருத்துவமும்

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். மற்றதில் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம், இதில் அப்படி இல்லை.

முதலில் நீங்கள் நோயாளியாகப் போகும்போது. ‘சர்ஜரி’ என்றால் இங்கே பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லை. குடும்ப மருத்துவரான ஜி.பி. உட்கார்ந்து பார்க்கும் கிளினிக்குக்கே அந்தப் பெயர். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்கும் நேரத்தையும் ‘சர்ஜரி’ என்றுதான் சொல்வார்கள். விசா சிக்கலுக்கு எம்.பி.யைப் பாருங்கள், சனிக்கிழமை சர்ஜரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். ‘ஜாப்’ என்று ஒலிப்பதெல்லாம் வேலை இல்லை, ஊசிக்கும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். ‘ஃப்ளூ ஜாப்’ என்றால் காய்ச்சல் தடுப்பூசி.

‘சிக்’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். நாம் உடம்பு சரியில்லை என்பதற்கு ‘ஐ வாஸ் சிக்’ என்போம். இங்கே ‘ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்’ என்றால் நேற்று இரவு வாந்தி எடுத்தேன் என்று பொருள். மருத்துவர் அடுத்து எத்தனை தடவை என்று கேட்பார். பொதுவாக உடம்பு சரியில்லை என்றால் ‘அன்வெல்’ அல்லது ‘போர்லி’ என்று சொல்லுங்கள்.

இனி, செவிலியராகவோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கு. ‘போர்லி’ என்பதை வீட்டில் சளி, காய்ச்சலுக்குச் சொல்வார்கள். அதே சொல்லை வார்டில் மூத்த மருத்துவர் நோயாளியின் மகளிடம் ‘யுவர் டாட் இஸ் வெரி போர்லி’ என்று தணிந்த குரலில் சொன்னால், நிலைமை மோசம், பிழைப்பது கடினம் என்று குறிப்பால் உணர்த்துகிறார். சொல் மென்மையாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

எண்பது வயதுப் பாட்டி ‘ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் கடைக்குப் போகக் கேட்கவில்லை, சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறார். பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்து வழக்கு அது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் கழிப்பறைகள் அமைத்து ஒரு பென்னி வாங்கினார். ‘வாட்டர்வொர்க்ஸ்’ சரியில்லை என்றால் குழாய் ரிப்பேர் இல்லை, சிறுநீர்க் கோளாறு. ‘பேக் பாஸேஜ்’ என்றால் ஆசனவாய். ‘டவுன் பிலோ’ என்றால் பிறப்புறுப்புப் பகுதி. ‘த ரன்ஸ்’ வயிற்றுப்போக்கு. ‘பங்டு அப்’ என்பது மூக்கடைப்பாகவும் இருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி’ என்று சொன்னால் அதில் வேடிக்கை எதுவும் இல்லை. திடீரென்று தலை சுற்றியது, மயக்கம் வந்தது என்று பொருள். விழுந்தாரா, எங்கே அடிபட்டது என்று உடனே பாருங்கள்.

நோயாளி சொன்னது புரியவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே மேற்கோள் குறிக்குள் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சக ஊழியரிடம் கேளுங்கள். புரியாமல் தலையாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 5: வேலையிடத்தில் மறைத்துப் பேசுவது

ஸ்லாங் புரியாவிட்டால் அது புரியவில்லை என்பதாவது தெரியும். இங்கே எல்லாச் சொல்லும் தெரிந்த சொல்லாக இருக்கும், பொருள் மட்டும் கைநழுவிப் போகும். புதிதாக வருபவர்கள் வேலையில் அதிகம் அடிபடுவது இதில்தான் என்பது என் எண்ணம்.

மேலாளர் ‘யூ மைட் வான்ட் டு ஹேவ் அனதர் லுக் அட் திஸ்’ என்கிறார். விருப்பமிருந்தால் பார் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. இது சரியில்லை, திருத்திக் கொண்டு வா என்கிறார். ‘வுட் யூ லைக் டு டூ பெட் ஃபோர்?’ என்று வார்டில் கேட்டால், நான்காம் படுக்கையைக் கவனி என்பது உத்தரவு. ‘எ பிட் ஆஃப் அன் இஷ்யூ’ என்றால் பெரும்பாலும் பெரிய சிக்கல். ‘நாட் பேட்’ பாராட்டு. ‘க்வைட் குட்’ சுமார். நாம் ‘க்வைட்’ என்பதை மிகவும் என்று படித்திருப்போம், இங்கே பல சமயம் அது குறைத்துச் சொல்வது. ‘ஐ’ல் பேர் இட் இன் மைண்ட்’ என்று உங்கள் யோசனைக்குப் பதில் வந்தால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ‘யூ மஸ்ட் கம் ஃபார் டின்னர் சம்டைம்’ என்பது அன்பான பேச்சு. நாள், நேரம் குறித்துச் சொன்னால்தான் அழைப்பு.

இது வஞ்சகம் இல்லை. எதிராளியின் முகம் வாடக் கூடாது என்ற எண்ணத்தில் வளர்ந்த பழக்கம். சந்தேகமாக இருந்தால் ‘டு யூ வான்ட் மீ டு சேஞ்ச் இட் டுடே?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக வரும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு சௌகரியம் உண்டு, இங்கே அலுவலகப் பேச்சில் கிரிக்கெட் நிறையக் கலந்திருக்கிறது. ‘பை க்ளோஸ் ஆஃப் ப்ளே’ என்றால் இன்றைய வேலை நேரம் முடிவதற்குள். ‘ஆஃப் ஹிஸ் ஓன் பேட்’ என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே முன்வந்து செய்தார். ஆனால் ‘இட் ஹிட் மீ ஃபார் சிக்ஸ்’ என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். சிக்ஸர் என்றதும் நமக்குக் கொண்டாட்டம்தான் நினைவுக்கு வரும். இதைச் சொல்பவர் பந்து போட்டவரின் நிலையில் நிற்கிறார். அம்மா இறந்த செய்தி என்னை உலுக்கிவிட்டது என்பதை இப்படித்தான் சொல்வார்கள். வயதான ஒருவர் இறந்தால் ‘ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்’ என்பார்கள்: நிறைவாக வாழ்ந்து போனார். குடும்பத்தார் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாக அவர்களிடம் எடுத்துச் சொல்லக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. ‘க்ராக் ஆன்’: வேலையைத் தொடரு. ‘நாக் இட் ஆன் த ஹெட்’: அதை இத்தோடு நிறுத்து. ‘பேர் ஷேப்டு’: காரியம் கெட்டுப்போனது. ‘சஃப்டு’: மகிழ்ச்சி. ‘கட்டட்’: மனம் உடைந்துவிட்டது. ‘நாக்கர்டு’: களைத்துப்போதல், கொஞ்சம் முரட்டுச் சொல், மேலாளரிடம் வேண்டாம். ‘கோல்ஸ் டு நியூகாசில்’ நம் கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான். நிலக்கரிக்குப் பேர்போன ஊர் நியூகாசில்.

படி 6: நாம் கொண்டுவரும் ஆங்கிலம்

நம் ஊர் ஆங்கிலம் தாழ்ந்தது இல்லை, ஆனால் சில தொடர்கள் இங்கே வேறு பொருள் தரும். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்று நேர்முகத் தேர்வில் சொன்னால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். ‘ஐ ஹேவ் எ டௌட்’ என்றால் உங்கள் பேச்சை நம்பவில்லை என்று படும், ‘க்வெஸ்சன்’ போதும். ‘ப்ரீபோன்’, ‘டூ த நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ மூன்றையும் மின்னஞ்சலில் தவிர்த்துவிடுங்கள். சக ஊழியரை ‘ஃபிட்’ என்று சொன்னால் ஆரோக்கியமானவர் என்று மட்டும் கேட்காது, பார்க்க அழகாக, கவர்ச்சியாக இருக்கிறார் என்றும் கேட்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இவர்கள் பேச்சில் நம் மண்ணும் கலந்திருக்கிறது. ‘டூலாலி’ என்றால் புத்தி பேதலித்தவர். நாசிக் பக்கத்துத் தேவ்லாலி ராணுவ முகாமில் ஊருக்குக் கப்பல் கிடைக்காமல் காத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொண்டுபோன சொல் அது. ‘ஹேவ் எ டெக்கோ’ என்பதில் இருப்பது இந்தியின் ‘தேக்கோ’. கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் நம்மிடமிருந்து போனவை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டால் ஆங்கிலம் பேசத் தயக்கம் கொஞ்சம் குறையும்.

படி 7: உங்கள் ஊர்ச் சொல்லைப் பிடியுங்கள்

ஸ்காட்லாந்தில் ‘ஐ’ என்றால் ஆமாம், ‘வீ’ என்றால் சின்னது. ‘வேர் டு யூ ஸ்டே?’ என்றால் ஹோட்டலைக் கேட்கவில்லை, வீடு எங்கே என்கிறார்கள். ‘மெசேஜஸ்’ வாங்கப் போகிறேன் என்றால் மளிகைச் சாமான் வாங்க. வேல்ஸில் ‘நௌ இன் எ மினிட்’ என்று சொன்னால் இப்போதைக்கு இல்லை, கொஞ்சம் கழித்து. வட அயர்லாந்தில் ‘வாட்ஸ் த க்ராக்?’ என்று கேட்டால் போதைப்பொருள் விவகாரம் இல்லை, என்ன சேதி என்று விசாரிக்கிறார்கள்.

லண்டன் கதை தனி. கிழக்கு லண்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த எதுகைப் பேச்சு இன்றும் துணுக்குகளாக உயிரோடு இருக்கிறது. எதுகைக்காகத் தொடர் ஒன்றை எடுத்து, எதுகை விழும் இரண்டாம் பாதியை விழுங்கிவிடுவார்கள். ‘ஹெட்’ என்பதற்கு எதுகையாக ‘லோஃப் ஆஃப் ப்ரெட்’, அதில் மிஞ்சியது ‘லோஃப்’: ‘யூஸ் யுவர் லோஃப்’ என்றால் மூளையைப் பயன்படுத்து. ‘லுக்’ என்பதற்கு எதுகையான ‘பட்சர்ஸ் ஹுக்’ என்பதிலிருந்து ‘ஹேவ் எ பட்சர்ஸ்’, ஒரு பார்வை பார். ‘ரூபி’ சாப்பிடப் போகலாம் என்றால் கறி சாப்பிட; ஐம்பதுகளில் புகழ்பெற்ற பெல்ஃபாஸ்ட் பாடகி ரூபி மர்ரியின் பெயர் ‘கறி’க்கு எதுகையாகிவிட்டது. இன்றைய இளைஞர் பேச்சு வேறு. 1948-இல் வின்ட்ரஷ் கப்பலில் வந்தவர்கள் தொடங்கி, கரீபியத் தீவு மக்களின் மொழி அதில் ஆழமாகக் கலந்திருக்கிறது: ‘வாக்வான்’ என்ன சேதி, ‘பேர்’ நிறைய, ‘பெங்’ அருமை. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் வாயிலும் ‘இன்னிட்’ (‘இல்லையா?’) சரளமாக வருகிறது. கண்டிக்க ஒன்றும் இல்லை, அவர்கள் வளரும் ஊரின் பேச்சு அது.

உங்கள் ஊர்ப் பேச்சுக்குக் காதைப் பழக்க, அந்தப் பகுதியின் பிபிசி உள்ளூர் வானொலியைப் போட்டுவிட்டுச் சமையுங்கள். மக்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் நிகழ்ச்சிகள்தான் நல்லது, அவற்றில் அறிவிப்பாளர் ஆங்கிலம் இல்லை, தெரு ஆங்கிலம் கேட்கும்.

படி 8: வாயிலும் கையிலும் காவல்

கெட்ட வார்த்தைகளைப் புரிந்துகொள்ளுங்கள், பேசாதீர்கள். நண்பர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதும் கிண்டலடிப்பதும் இங்கே நெருக்கத்தின் அடையாளம். அதற்கு ‘டேக்கிங் த மிக்கி’ என்று பெயர். யார் யாரிடம் எந்த அளவு என்பது உள்ளே இருப்பவர்களுக்கே தெரியும். ‘பிஸ்ட்’ என்றால் குடிபோதை, ‘பிஸ்ட் ஆஃப்’ என்றால் கோபம். இரண்டும் வேலையிடத்துக்கு ஆகாது.

பப்புக்குப் போனால் ‘மை ரவுண்ட்’ என்று ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்தது உங்கள் முறை. ஆரஞ்சுச் சாறு குடித்தாலும் முறை உண்டு. சீக்கிரம் கிளம்புவதாக இருந்தால் முதலிலேயே சொல்லி, உங்களுடையதை நீங்களே வாங்கிக்கொள்ளலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டு டீ வேண்டும் என்று விரலைக் காட்டும்போது உள்ளங்கை கடைக்காரரைப் பார்த்து இருக்கட்டும். புறங்கையைக் காட்டி இரண்டு விரலை உயர்த்துவது இங்கே ஆபாசமான வசவு.

புரியாதபோது கேட்க ஒரு வாசகத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘சாரி, ஐ ஹேவன்ட் ஹர்ட் தட் ஒன் பிஃபோர், வாட் டஸ் இட் மீன்?’ இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்ச் சொல்லை விளக்குவதில் தனி சந்தோஷம் உண்டு. ஒன்று கேட்டால் மூன்று சொல்வார்கள். கேட்ட அன்றே, யார் சொன்னது, எந்த இடத்தில் சொன்னது என்பதையும் சேர்த்து ஃபோனில் குறித்து வையுங்கள்.